வரலாற்று ஆசிரியராக வர அரசு எவ்வளவு கைகொடுக்கும்?

வாசகியின் கேள்வி: நான் மஸ்கெலியா பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். கலைப் பிரிவில் வரலாறு, அரசறிவியல், தமிழ் ஆகிய பாடங்களில் உயர்தரம் சித்தியடைந்தேன். பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. வரலாறு, குடியுரிமைக் கல்வி ஆசிரியராக வர வேண்டும் என்பதே என் விருப்பம். அதற்கு அரசு பண உதவி ஏதும் தருகிறதா? 'வரலாற்றுக்கு மதிப்பில்லை, கணிதமோ ஆங்கிலமோ என்றால்தான் வேலை' என்று அண்ணன் சொல்கிறார். தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியராக வரச் சொல்லி அதிபர் கேட்கிறார். நகரத்துத் தனியார் நிறுவனமொன்று, பணம் கட்டினால் ஓராண்டில் ஆசிரியர் டிப்ளோமா தருவதாகச் சொல்கிறது. அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம். எதைத் தெரிவு செய்வது?

பதில்:

அன்பு மகளுக்கு,

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். உங்கள் வீட்டு நிலையில் அதுதான் முதற் கேள்வியாக இருக்கும். அதைக் கேட்பதற்கு நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கத் தேவையில்லை.

வரலாறு கற்பிக்கப் போகிறவர் என்பதற்காக நம் நாட்டில் தனி ஊக்கத்தொகை கிடையாது. குடியுரிமைக் கல்விக்கும் அப்படித்தான். அரசின் கை நீள்வது பயிற்சிக்கு. எந்தப் பாடத்தை எடுத்தாலும் பயிற்சிக் காலத்தில் உங்கள் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்றுக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது. உங்கள் நிலையில் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு எங்கிருந்தும் வராது. தேசிய கல்வியியற் கல்லூரியைத்தான் சொல்கிறேன்.

1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொடங்கப்பட்ட இந்தக் கல்லூரிகள் இன்று நாடெங்கும் ஏறத்தாழ இருபது இருக்கின்றன. அவற்றில் ஒன்று உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில், கொட்டகலைக்கு அருகே பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. மலையகப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையை மனதில் வைத்து, ஜேர்மன் அரசின் உதவியோடு எழுந்த கல்லூரி அது. பயிற்சி மூன்று ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிப்பு. மூன்றாவது ஆண்டு ஒரு பாடசாலைக்கு அனுப்பி, அங்கே பயிற்சி ஆசிரியராகப் படிப்பிக்க விடுவார்கள். முடிவில் தேசிய கற்பித்தல் டிப்ளோமா கிடைக்கும்.

படிப்புக்குக் கட்டணம் இல்லை. மாதாந்தம் ஓர் உதவித்தொகை உண்டு. ஆனால் விடுதிச் சாப்பாட்டுச் செலவு பெரும்பாலும் அந்தத் தொகையிலிருந்தே போய்விடும் என்பதை வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். கையில் மிஞ்சி வீட்டுக்கு அனுப்பலாம் என்று அம்மா எதிர்பார்த்திருந்தால், முதல் மாதத்திலேயே மனம் ஒடிந்துபோவார். சேலை, புத்தகம், போக்குவரத்து, மூன்றாம் ஆண்டில் பாடசாலைக்கு அருகே அறை எடுத்தால் அதன் வாடகை ஆகியவற்றுக்கு வீட்டிலிருந்து கொஞ்சம் தேவைப்படும். சீட்டுப் போடுகிற வழக்கம் வீட்டில் இருந்தால், ஒரு சீட்டை இதற்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக வழங்கப்படும் இலங்கை தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தின் புலமைப்பரிசிலையும் விசாரித்துப் பாருங்கள். 1947 இல் தொடங்கிய நிதியம் அது. அவ்வப்போது பத்திரிகைகளில் விளம்பரம் வரும்.

இதில் உதவித்தொகையைவிடப் பெரிய ஊக்கம் ஒன்று இருக்கிறது, மகள். அது நியமனம். கல்வியியற் கல்லூரியில் பயிற்சியை முடித்தவர் இலங்கை ஆசிரியர் சேவைக்குள் நேரே வருகிறார். பட்டதாரிகள் போட்டிப் பரீட்சை எழுதி, முடிவுக்காகக் காத்திருந்து, பிறகு நேர்முகத்துக்குப் போகும் பாதை இவர்களுக்கு இல்லை. ஒருநாள் நிரந்தரச் சம்பளமும், ரயில்வே வொரண்டும், அக்ரஹார மருத்துவக் காப்புறுதியும், தேவைப்பட்டால் இடர்கடனும் உங்கள் வீட்டுக்கு வரும். தோட்ட லயத்திலிருந்து ஒரு பிள்ளை இந்த வசதிகளோடு வெளியே வருவது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதிலுக்கு அரசு கேட்பது ஒப்பந்தமும் பிணைமுறியும். குறித்த காலம் ஆசிரியராகச் சேவை செய்வதாகக் கையெழுத்திட வேண்டும். இடையில் விட்டால் பணம் திருப்பிக் கட்ட நேரும். பிணை நிற்க இருவரைத் தேடுவது தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சில வேளை சிரமமாகிவிடுகிறது. கடைசி நேரத்தில் ஓட வேண்டாம், இப்போதே உறவினர்களிடம் பேசி வையுங்கள்.

அடுத்தது அண்ணன் சொன்னது. அவர் சொல்வதில் பாதி உண்மை. விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம் ஆகியவற்றுக்குத்தான் மலையகத்தில் வெற்றிடம் மிகுதி. அரசின் அக்கறையும் வெளிநாட்டு உதவியும் முதலில் போய் நிற்பது அங்கேதான். ஆனால் நீங்கள் உயர்தரத்தில் கலைப் பாடங்கள் படித்தவர். கணித ஆசிரியர் பாடநெறிக்கு உங்களுக்குத் தகுதியே இராது. அதை நினைத்துக் கவலைப்பட்டு என்ன பயன்? உங்கள் பாடத்துக்கு உள்ள பலத்தைப் பாருங்கள். 2007 சீர்திருத்தத்திலிருந்து வரலாறு சாதாரண தரப் பரீட்சையில் கட்டாயப் பாடம். தாய்மொழி, சமயம், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றோடு ஆறாவதாக அது நிற்கிறது. தரம் 6 முதல் 11 வரை வகுப்புள்ள எந்தப் பாடசாலையும் வரலாற்று ஆசிரியர் இல்லாமல் நேரசூசி போட முடியாது. குடியுரிமைக் கல்வியின் நிலை வேறு. சாதாரண தரத்தில் அது தெரிவுப் பாடம். புவியியல், வணிகம் போன்றவற்றோடு ஒரே தொகுதியில் இருக்கிறது. சிறிய பாடசாலைகளில் அதை எடுக்கப் பிள்ளைகள் இருப்பார்கள், கற்பிக்க ஆள் இருக்காது. ஆகவே வரலாற்றை முதன்மையாகவும் குடியுரிமைக் கல்வியைத் துணையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கற்பிக்கக்கூடியவரை எந்த அதிபரும் விடமாட்டார்.

2025 இல் கல்விச் சீர்திருத்தம் பேசப்பட்டபோது, வரலாறு கட்டாயத்திலிருந்து விலகுமோ என்ற அச்சம் எழுந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். கல்வி அமைச்சைத் தம்மிடம் வைத்திருக்கும் பிரதமர் ஹரிணி அமரசூரிய, வரலாறு நீக்கப்படாது என்று அப்போது விளக்கமளித்தார். பாடவேளைகளும் தொகுதிகளும் மாறலாம். அந்தப் பாடம் பாடசாலையை விட்டுப் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை.

மதிப்பில்லை என்ற பேச்சுக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் ஏன் பயிற்சி பெற்றே தீர வேண்டும் என்பதற்கான விடையும் அதில்தான் இருக்கிறது.

வரலாற்றுக்கு ஆசிரிய ஆலோசகராக நான் வலயத்தில் வேலை செய்த ஆண்டுகளில், தோட்டப் பாடசாலைகளில் நேரசூசியைப் பார்த்தவுடனே ஒன்று தெரிந்துவிடும். கணிதத்துக்கு நேராகக் கணித ஆசிரியரின் பெயர் இருக்கும். வரலாற்றுக்கு நேராக, யாருக்குப் பாடவேளை குறைவோ அவருடைய பெயர் இருக்கும். சங்கீத ஆசிரியர், விளையாட்டு ஆசிரியர், சில இடங்களில் நூலகப் பொறுப்பாளர். யார் வேண்டுமானாலும் வாசித்துக் காட்டலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். நோர்வூட் பக்கத்துப் பாடசாலையொன்றில் தரம் 11 வகுப்பில் பின்வாங்கில் உட்கார்ந்திருந்தேன். சுதந்திரம் பற்றிய பாடம். ஆசிரியை குறிப்பைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் கையை உயர்த்தி, "டீச்சர், அந்த நேரம் எங்கட தாத்தாமாருக்கு வோட்டு இருந்ததா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஆசிரியை நல்லவர், பிள்ளைகள் மீது அன்புள்ளவர். ஆனால் அவருக்கு வரலாற்றில் பயிற்சி இல்லை. "அது பரீட்சைக்கு வராது, எழுது" என்றார். பையன் எழுதினான்.

பயிற்சி பெற்ற ஒருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் அன்றைய பாடமே அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியிருக்கும். 1931 இல் டொனமூர் அரசியலமைப்போடு சர்வஜன வாக்குரிமை வந்தது. 1947 பொதுத் தேர்தலில், தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. ஆகவே தாத்தாமாரில் பலருக்கு வாக்கு இருந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, குடியுரிமை இல்லாதவர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 இல் இன்னோர் ஒப்பந்தத்தில் முடிவாயிற்று. நாடற்றவர் என்ற நிலை சட்டத்தில் முற்றாகத் தீர 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவும் அந்தப் பையனின் வீட்டுக்குள் நடந்தவை. பெட்டிக்குள் பத்திரமாக மடித்து வைத்த பிரஜாவுரிமைப் பத்திரத்தை அவன் பாட்டி காட்டக்கூடும். அதை வகுப்புக்குக் கொண்டுவரச் செய்து, ஒரு மூல ஆவணத்தை எப்படி வாசிப்பது, யார் எழுதியது, எதற்காக எழுதியது, எதைச் சொல்லாமல் விட்டது என்று பிள்ளைகளைக் கேட்க வைப்பதுதான் வரலாறு கற்பித்தல். அதே ஆவணத்தை வைத்துக்கொண்டு குடிமக்கள், வாக்கு, சட்டவாட்சி ஆகியவற்றைக் குடியுரிமைக் கல்வி வேளையில் தொடரலாம்.

இதைச் செய்ய ஆர்வம் மட்டும் போதாது. பாடத்தைத் திட்டமிடுவது, மூல ஆவணத்தை வயதுக்கேற்பக் கொடுப்பது, வேறு இனத்துப் பிள்ளை ஒருவர் வகுப்பில் இருந்தால் அவரும் புண்படாமல் 1948 ஐப் பேசுவது, புத்தகத்தில் மலையகத்துக்குக் கிடைத்திருக்கும் சில பக்கங்களைப் பெரிதாக விரிப்பது ஆகியவற்றையெல்லாம் இருந்து படிக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் அரசு செலவழித்து அதைக் கற்றுத் தருகிறதென்றால், நம் பிள்ளைகளுக்கு அது வேண்டும். வேறு யாரும் நமக்காக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

அரசு இன்னும் செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கல்வியியற் கல்லூரிச் சட்டம் வந்த அதே 1986 இல் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ், முன்னாள் ஜனாதிபதி ஜேம்ஸ் மெடிசன் பெயரில் ஒரு புலமைப்பரிசில் நிதியத்தை உருவாக்கியது. உயர்நிலைப் பாடசாலைகளில் வரலாறு, குடியியல் கற்பிப்பவர்களும் கற்பிக்க வருபவர்களும் முதுமாணிப் பட்டம் படிக்க 24,000 டொலர் வரை அது கொடுக்கிறது. படிப்பில் அரசியலமைப்பைப் பற்றிய பாடங்கள் இருக்க வேண்டும். உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு வகுப்பில் நின்று கற்பிக்க வேண்டும். ஒரு நாடு தன் பிள்ளைகளுக்கு அரசியலமைப்பைச் சொல்லித் தருகிறவரை இப்படித் தனியாகத் தேடிப் பிடிக்கிறது. நுவரெலியாவிலும் பதுளையிலும் வரலாறு கற்பிக்க வருபவருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கவனம் கிடைத்தால்கூட, பாடவேளை குறைந்தவரின் தலையில் வரலாற்றைக் கட்டும் வழக்கம் நின்றுவிடும். மத்திய, ஊவா மாகாணக் கல்வி அமைச்சுகளிடம் நம்மவர்கள் கேட்க வேண்டிய கோரிக்கை இது. கட்டடம் கேட்கிறோம், வாங்கு மேசை கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை.

தொண்டர் ஆசிரியர் விடயம். அதிபர் கேட்பது பற்றாக்குறையால்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொண்டராக இருப்பது எந்த நியமனத்துக்கும் உத்தரவாதம் தராது. 2014, 2015 காலத்தில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களாக எடுக்கப்பட்டவர்கள் மாதம் 6,000 ரூபாயில் தொடங்கினார்கள். பிறகு அது 10,000 ஆயிற்று. ஆசிரியர் கலாசாலைப் பயிற்சி முடித்து ஆசிரியர் சேவைக்குள் வர அவர்கள் எத்தனை ஆர்ப்பாட்டம் செய்தார்கள் என்பதை மலையகமே பார்த்தது. அரசு நியமனக் கடிதம் கையில் இருந்தவர்களுக்கே அந்த நிலை. விண்ணப்பம் கோரும் வரை சில மாதங்கள் போய்ப் படிப்பியுங்கள், வகுப்பில் நிற்கும் பழக்கம் வரும். அதிபரிடம் திகதியிட்ட கடிதமொன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்காக ஓராண்டு விண்ணப்பத்தைத் தவற விடாதீர்கள். கல்லூரிக்கு வயதெல்லை இருக்கிறது, அது யாருக்காகவும் நீளாது.

தனியார் டிப்ளோமாவுக்குப் பணம் கட்ட வேண்டாம். அம்மாவின் ஊழியர் சேமலாப நிதியிலோ நகையிலோ கை வைத்து அதைக் கட்டும் யோசனை வீட்டில் இருந்தால், இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்தச் சான்றிதழைக் கொண்டு இலங்கை ஆசிரியர் சேவைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவர்கள் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தந்தால் எடுத்துக்கொண்டு ஹட்டன் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். எழுத்தில் தர மறுத்தாலே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

கல்வியியற் கல்லூரி கிடைக்காவிட்டால்? அப்போதும் பாதை இருக்கிறது, நீளம் கூடியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிக் கலைமாணி, திறந்த பல்கலைக்கழகம் ஆகியவற்றின் வழியே பட்டம் பெற்று, மாகாணம் நடத்தும் போட்டிப் பரீட்சை மூலம் சேவைக்குள் வரலாம். அதன் பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் செய்ய வேண்டியிருக்கும். கல்லூரி வழியே போனவர்களும் பின்னர் சேவையில் இருந்துகொண்டே பட்டம் படிக்கிறார்கள், சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது படிக்கிறார்கள். அந்த வேறுபாட்டை உங்கள் வீட்டு நிலையோடு வைத்துப் பாருங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. மலையகப் பிள்ளைகள் அதிகம் இடறி விழுவது புள்ளியில் அல்ல, கடதாசியில். கல்லூரித் தெரிவு பிரதேச செயலாளர் பிரிவு வாரியாகவும் மொழி மூலம், பாடநெறி வாரியாகவும் நடக்கிறது. ஆகவே நிரந்தர வதிவிடத்தை நிரூபிக்க வேண்டும். தோட்டத்தில் வீட்டுக்கு வீடு தனி முகவரி இல்லாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. பிரிவின் பெயரும் லயத்தின் இலக்கமும் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து வேறு, பரீட்சைச் சான்றிதழில் முதலெழுத்து வேறு. அப்பாவின் பெயர் ஓரிடத்தில் முழுதாக, ஓரிடத்தில் பாதியாக. நேர்முகத்தில் அதிகாரி கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். மூன்றாண்டு வாய்ப்பு ஓர் எழுத்தால் போவதைப் பார்க்க மனம் தாங்காது.

ஆகவே இந்த வாரமே எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் வேறுபாடு இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு இப்போதே கொடுங்கள், அதற்குக் காலமெடுக்கும். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழோடு, உங்கள் வீட்டாரின் பெயர்கள் உள்ள வாக்காளர் இடாப்புப் பிரதிகளையும் எடுத்து வையுங்கள். விளையாட்டு, தமிழ்த் தினப் போட்டி, மாணவர் தலைவர், சாரணியம், ஆலயத் தொண்டு என்று எதற்குச் சான்றிதழ் இருந்தாலும் தேடி எடுங்கள். நேர்முகத்தில் புறச்செயற்பாடுகள் கவனிக்கப்படும். 'அது சின்ன விடயம்தானே' என்று நம் பிள்ளைகள் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள்.

வர்த்தமானி அறிவித்தல் வந்ததும் அட்டவணையை வரி வரியாகப் பாருங்கள். எல்லாப் பாடநெறிகளும் எல்லா ஆண்டும் எல்லாப் பிரிவுக்கும் வருவதில்லை. வரலாறோ சமூக விஞ்ஞானமோ தமிழ் மொழி மூலத்தில் உங்கள் பிரிவுக்கு இருந்தால் அதை முதல் விருப்பமாகப் போடுங்கள். இல்லாவிட்டால் தமிழோ ஆரம்பக் கல்வியோ போடத் தயங்க வேண்டாம். சேவைக்குள் வந்த பின் பட்டத்தில் வரலாற்றை எடுத்து அந்தப் பாடத்துக்கு மாறியவர்கள் இருக்கிறார்கள். இடம் பத்தனையில்தான் கிடைக்கும் என்றும் நினைத்திருக்க வேண்டாம். வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை என்று எங்கும் அனுப்பலாம். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று வீட்டில் கேட்டால், விடுதி கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் பத்தனைக்கு ஒருமுறை அழைத்துப் போய் வெளியிலிருந்தாவது காட்டுங்கள்.

விருப்ப ஒழுங்கை அனுப்பும் முன் அட்டவணையின் பிரதியோடு எனக்கு எழுதுங்கள். உங்கள் புள்ளிகளையும் பிரதேச செயலாளர் பிரிவின் பெயரையும் அதில் குறிப்பிடுங்கள். இருவரும் சேர்ந்து பார்த்து ஒழுங்கை முடிவு செய்வோம்.